ஐஸ் பேக்டரியில் காணாமற்போன அம்மீட்டர்

ஆதாரமில்லாமல் யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்பது எங்கள் பெரியப்பாவின் கொள்கை. ஆதாரம் கிடைக்கும்வரை எல்லோரையும் சந்தேகிப்பார்.

பட்டினப்பாக்கத்து மீன்காரர்களை நம்பி அவர் நடத்திவந்த ஐஸ் பேக்டரியில், ஒரு நாள் காலை, சுவிட்ச் போர்டிலிருந்த, கரண்டை அளக்கும் அம்மீட்டரைக் காணோம். யுத்த காலம். சீமைச் சாமான் வருவது நின்றுபோய், மூர் மார்க்கெட்டில் உடைந்த மீட்டருக்குக்கூடக் கிராக்கி.

மயிலாப்பூரிலிருந்து பெரியப்பாவும் சித்தப்பாவும் கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் லீவு, நானும் தொற்றிக்கொண்டேன். சித்தப்பா இன்ஜினீயரிங் படித்துவிட்டுத் தன் தகுதிக்கேற்ற வேலைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தவர். பேக்டரிக்கு வந்ததும், உள்ளே புழுக்கமாக இருக்கும் என்று முற்றத்து வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே பெரியப்பா முன் ஃபிட்டர் கைகட்டி நின்றார்.

"நீ எடுக்காம, அது தானா நடந்து போயிடுத்தாடா?"

"நேத்து பூரா சைதாப்பேட்டைல மாமியார் வூட்ல இருந்தேன் சாமி. இப்பத்தான் வந்துகினு கீறேன். எனக்கு இன்னா தெரியும்?"

"மாமியார் சாட்சியெல்லாம் கோர்ட்டுல செல்லாது."

மீட்டர் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதில் தொங்கிய இரண்டு ஒயர் முனைகளையும் சேர்த்து ஒரு செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. பெரியப்பாவுக்கு அதன்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

"முதல்ல இதைப் பிடுங்கி எறியறேன்!" என்று கை நீட்டினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா! அந்தக் கம்பியைத் தொடாதே!" என்று மரத்தடியிலிருந்து அலறல். அலறலுக்குப் பின்னால் சித்தப்பாவும் ஓடிவந்தார்.

மூச்சு வாங்கியபடி விளக்கினார். மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதையும் மீட்டர் தாங்காது. ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கிறது. மோட்டார் ஓடும்போது மீட்டரைக் கழற்றுவதானால், முதலில் அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துவிட வேண்டும். திறந்து கிடந்தால் வோல்டேஜ் எகிறி, தொட்ட ஆள் காலி. பின்னாளில் மின்சார இலாகாவில் இதே விதியை நானும் பலருக்கு மெமோ மூலம் நினைவூட்டியிருக்கிறேன்.

"எட்த்தவன் தொழில் தெரிஞ்சவன் சாமி," என்றார் ஃபிட்டர். "யாரும் சாவக்கூடாதுன்னு கம்பி போட்டுட்டுப் பூட்ருக்கான்."

"இங்க தொழில் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானேடா!"

பெரியப்பாவுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அந்த நிமிஷமே சீட்டைக் கிழித்தார். ஃபிட்டர் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். சித்தப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அண்ணன் உயிரைக் காப்பாற்றியவர் என்று அன்று வீட்டில் சித்தப்பாவுக்காகப் பாயசம் வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா கம்பி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மரத்தடியிலிருந்து பார்த்தால் போர்டு தெரியாது. சித்தப்பா அன்று அதுவரை அந்த அறைக்குள் கால் வைக்கவும் இல்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். இன்ஜினீயரிங் படித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தெரியும்போலிருக்கிறது என்று வியந்து, இன்னொரு தம்ளர் பாயசம் கேட்டேன்.