இரண்டு ஊர் வெயிலில் ஒரு குழந்தை

குழந்தைக்கு வேர்த்தால் கவலைப்பட வேண்டுமா, வேர்க்காவிட்டால் கவலைப்பட வேண்டுமா? மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. அவளுடைய முதல் கோடை கொல்கத்தாவில் போனது. இரண்டாவது கோடையில் இரண்டு வாரம் கரூரில் போனது. இரண்டு இடத்திலும் நான் தவறு செய்தேன். மூன்றாவது கோடை தொடங்கப் போகிறது. கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கரூரில். கணவருக்குக் கொல்கத்தாவில் ஐடி வேலை கிடைத்தபோது மகளுக்கு நான்கு மாதம். ஜனவரியில் சாமான்களை லாரியில் ஏற்றினோம். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்ற பேச்சில் கட்டிலை விட்டுக்கொடுத்தேன், கிரைண்டரைக்கூட விட்டுக்கொடுத்தேன். ஏர்கூலரை மட்டும் விடவில்லை.

"அந்த ஊர்ல கூலர் விக்காமயா இருப்பாங்க?" என்றார் கணவர்.

"நம்ம கூலர் மாதிரி வருமா?"

"கிரைண்டரைப் பத்தி இப்படிப் பேசுவேன்னு பார்த்தா, கூலரைப் பத்திப் பேசற!"

அவர் சிரித்தாரே தவிர, அவருக்கும் அந்தக் கூலரின் மேல் நம்பிக்கை இருந்தது. அவரும் கரூர்தான். எங்கள் ஊரில் கோடை என்றால் காய்கிற கோடை. துவைத்த சேலை அரை மணி நேரத்தில் விறைத்துப் போகும். ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, கூலரைப் போட்டுவிட்டால் அறை குளிர்ந்துவிடும். கரூரில் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய தடித்த துண்டுகள் ஒரு மூட்டை எங்களோடு லாரியில் வந்தன.

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி. ஏப்ரல் பிறந்ததும் கூரை வழியாகச் சூடு இறங்க ஆரம்பித்தது. ஏசி வைக்கலாமா என்று கேட்டதற்கு, வயரிங் பழசு, தாங்காது, அடுத்த வருடம் மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. போனில் பார்த்தால் கொல்கத்தாவில் முப்பத்தாறு டிகிரி, கரூரில் நாற்பது. அதற்குக் கீழே 'உணரும் வெப்பம்' என்று வேறு ஓர் எண் இருந்தது. அதை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

அம்மாவும் போனில் அதையேதான் சொன்னார். "இங்க நாப்பது கண்ணு. உனக்கு முப்பத்தாறுதானே? அதுக்கே இப்படிச் சலிச்சுக்கறயே. ஈரத் துணி கட்டுனியா? தரையில தண்ணி தெளிச்சியா?"

கட்டினேன், தெளித்தேன். இரண்டு ஜன்னல்களிலும் ஈரத் துண்டு. வெப்பக் காற்று உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு, கூலர் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஏழு மாதக் குழந்தையை அதன் எதிரில் படுக்க வைத்தேன்.

முதல் நாள் மதியம் அவள் படுத்திருந்த விரிப்பு ஈரமாக இருந்தது. நனைத்துவிட்டாள் என்று மாற்றினேன். சற்று நேரத்தில் மாற்றிய விரிப்பும் ஈரம். மூன்றாவதை அலமாரியிலிருந்து எடுத்தேன். எடுக்கும்போதே அதுவும் சில்லென்று ஈரமாக இருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அலமாரி சுவரில் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று முடிவு செய்து, கணவரைப் பின்பக்கமெல்லாம் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

மகளுக்கு நிற்காமல் வேர்த்தது. கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, தலைக்குப் பின்புறம் எங்கும் வழிந்தது. வேர்த்தால் உடம்பு குளிரும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஆகவே துடைக்காமல் விட்டேன். கூலரின் வேகத்தைக் கூட்டினேன். மூன்றாம் நாள் அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு மணிமாலை போட்டதுபோல் வேர்க்குரு வந்துவிட்டது. பால் குடிக்க என் மேல் சாய்ந்ததும் அலறினாள். என் கைச்சூடு பட்டால் அழுதாள், விட்டாலும் அழுதாள்.

அழுகை கேட்டுக் கீழ்வீட்டு திதி மேலே வந்தார். நாற்பது வயதிருக்கும். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவதுபோல் நானும் திதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்தியும் வங்காளமும் கலந்து வேகமாகப் பேசுவார். எனக்குப் பாதி புரியும், மீதியை அவர் கையசைவே சொல்லிவிடும். அறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ கீ! இது என்ன, ஆஷாட மாச மழையை வீட்டுக்குள்ள பிடிச்சு வச்சிருக்கே?"

"கூலர், திதி. எங்க ஊர்ல..."

"உங்க ஊர்ல காத்து காஞ்சு கிடக்கும், தண்ணி குடுத்தா குடிக்கும். இங்க காத்துக்கு ஏற்கெனவே வயிறு முட்ட ரொம்பியிருக்கு. அதுக்குப் போய் இன்னும் ஊட்டிவிடறியே!" என்றவர், என்னிடம் கேட்காமலேயே கூலரை அணைத்து, துண்டுகளைப் பிடுங்கித் தரையில் போட்டு, ஜன்னல்களைத் திறந்தார். சுவரைக் காட்டினார். சுவரில் துளித்துளியாகத் தண்ணீர் நின்றிருந்தது. மூன்று நாளாக அதே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பவுடர் டப்பாவை எடுத்துவந்து குழந்தை மேல் வெள்ளையாகக் கொட்டப் போனார். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் வேர்வை உள்ளே போய் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுமாம், சளி பிடிக்குமாம். விசிறியை நிறுத்தினேன். குழந்தைக்கு இன்னும் வேர்த்தது. போட்டேன். அவர் உச்சுக் கொட்டினார். நிறுத்தினேன்.

"நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். தெரியாது என்பதை எப்படிச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை டாலிகஞ்சில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் உட்கார்கிற குழந்தை மருத்துவரிடம் போனோம். கூலரைப் பற்றி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தெற்கிலிருந்தும் வருகிறார்கள், ராஜஸ்தானிலிருந்தும் வருகிறார்கள், எல்லோரும் கூலரோடுதான் வருகிறார்கள்" என்றார். பவுடர் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். விசிறி ஓடட்டும். வேர்த்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உடம்பு உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

உடம்பு உலர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் மந்திரம்போல் பிடித்துக்கொண்டேன். அரை மணிக்கொரு முறை அவள் கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் துடைப்பேன். உலர்ந்திருந்தால் மனது நிம்மதியாகும். கரூர்த் துண்டு தடிமன், இந்த ஊரில் காயவே காயாது. காளிகாட்டில் மெல்லிய கம்சா துண்டுகளாக வாங்கி, கொடி முழுக்கத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் வேர்க்குரு அமுங்கியது. அந்தக் கோடையின் மிச்சத்தை அப்படியே ஓட்டினோம். மழைக்காலம் முடிவதற்குள் மகளின் வேர்வையைப் படிக்க நான் கற்றுக்கொண்டேன் என்றே நினைத்தேன். கூலர் குளியலறைக்கு வெளியே நின்றது. அதன் மேல் பக்கெட் வைத்தோம்.

அடுத்த ஏப்ரலில் அவளுக்குப் பத்தொன்பது மாதம். வயரிங் மாற்றும் வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வீட்டில் சுவரெல்லாம் உடைத்துப் போட்டிருந்தார்கள். "ரெண்டு மாசம் இங்க வந்து இரு சாமி, இது நம்ம வெயிலு, ஒண்ணும் பண்ணாது" என்றார் அம்மா. போனேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கரூரில் இறங்கிய முதல் நாளே கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. மதியம் பார்த்தேன், உலர்ந்திருந்தது. ஒரு வருடமாகத் துடைத்துத் துடைத்து ஓய்ந்த கை அது. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அம்மாவுக்கும் பெருமை. "பாரு, குழந்தை உடம்பு பூவாட்டம் இருக்குது. அந்த ஊருல போயி வேக வச்சுட்டு வந்தயே!" கணவருக்கு போட்டோ அனுப்பினேன். 'வேர்வையே இல்லை' என்று கீழே எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. ஊருக்கு வெளியே கோயில். வேப்பமர நிழல், நல்ல காற்று. அனலாகத்தான் அடித்தது, ஆனாலும் காற்று. மகள் மற்ற பிள்ளைகளோடு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தாள். இடையிடையே கூப்பிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் உலர்ந்திருந்தது. தண்ணீர் கேட்கவில்லை. கொடுத்தால் தலையைத் திருப்பினாள். சரி, வேர்க்கவில்லையே, தாகம் எப்படி எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு அவளாகவே வந்து மடியில் படுத்தாள். விளையாட்டுக் களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். டயப்பரை மாற்றலாம் என்று பிரித்தேன். காலையில் ஏழு மணிக்குக் கட்டியது, அப்படியே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. உதடு தோல் உரிந்திருந்தது. கூப்பிட்டேன், கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். உடம்பு கொதித்தது.

அண்ணன் காரை எடுத்தான். வழியெல்லாம் அம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று அண்ணன் பிறகு சொன்னான்.

ஆஸ்பத்திரியில் உடையைக் கழற்றி ஈரத் துணியால் ஒற்றினார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டச் சொன்னார்கள். குடித்தால் சரி, வாந்தி எடுத்தால் ஊசி வழியாக ஏற்ற வேண்டும் என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

"வேர்க்கவே இல்லைங்க டாக்டர். அதனாலதான் நான்..."

"வேர்க்கலைன்னு யாரு சொன்னா? காலையிலிருந்து வேர்த்துட்டுத்தான் இருந்திருக்குது. நீங்க தொட்டுப் பாக்கறதுக்குள்ள காத்து குடிச்சுப் போட்டுது. இந்த ஊருல கழுத்தைத் தொட்டுப் பாக்காதீங்க, டயப்பரைப் பாருங்க."

அம்மா சுவரோரம் நின்றிருந்தார். "நாலு பேரை இந்த வெயில்லதான் வளத்துனேன். ஒருத்தருக்காவது இப்படி ஆகலியே" என்றார். என்னைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. கரூர்க்காரி. எனக்கே என் ஊர் வெயில் மறந்துபோயிருந்தது. மகளுக்கோ அது தெரியவே தெரியாது.

இரண்டு மணி நேரம் ஸ்பூனால் ஊட்டினேன். ஆறு மணிக்கு அவள் என் மடியில் சிறுநீர் கழித்தாள். என் பட்டுச் சேலை, அம்மா எடுத்துக் கொடுத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதார். மகள் எழுந்து அண்ணனிடம் கார் சாவியைக் கேட்டாள்.

பத்து நாளில் கொல்கத்தா திரும்பிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேனே, அந்தக் காஞ்ச ஊருக்கு எதுக்குப் போறேன்னு" என்றார் கீழ்வீட்டு திதி. அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் தினமும் மதியம் ஒரு டம்ளர் சுட்ட மாங்காய்ச் சர்பத் கொண்டுவந்து, மகள் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது வீட்டில் ஏசி இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. மகள் அறைக்குள் அடங்குவதில்லை. படிக்கட்டுக்கும் கூடத்துக்கும் ஓடுகிறாள், இருபது முறை நனைகிறாள், இருபது முறை குளிர்கிறாள். அதற்கும் திதி ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார்.

இந்த மே மாதம் தம்பிக்குக் கரூரில் கல்யாணம். ஒரே தம்பி. அக்கினி நட்சத்திரத்தில் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள். மூன்று வாரமாவது முன்னால் வா என்கிறார் அம்மா. போன வருடத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அது அவர் குரலில் இருக்கிறது. போகாமல் இருந்தால் அவரைக் குற்றம் சொன்னதாகிவிடும். "நீயே முடிவு பண்ணு, நான் டிக்கெட் போடறேன்" என்கிறார் கணவர். முன்னாலேயே போய் மகளைப் பழக்குவது நல்லதா, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய் உடனே திரும்பிவிடுவது நல்லதா என்று ஒரு தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஈர வெயில் ஊரிலும் காய்ந்த வெயில் ஊரிலும் சின்னக் குழந்தையோடு மாறி மாறி இருந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனபோது குழந்தையின் உடம்பு பழகுவதற்கு எத்தனை நாள் பிடித்தது? அந்த முதல் சில நாட்களை எப்படிக் கடத்தினீர்கள்? தண்ணீரைத் தட்டிவிடும் குழந்தையைக் கல்யாணக் கூட்டத்தில் எப்படிக் குடிக்க வைத்தீர்கள்? 'தாய்க்குத் தெரியாதா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செய்ததை எழுதுங்கள், தவறாகப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் டிக்கெட் போட வேண்டும்.