மேல்தளத்தில் காலி சீட் இல்லை

அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தவர் டிரைவர். தலைநகரைச் சுற்றிக் காட்டும் சிவப்பு மாடி பஸ்ஸில், திறந்த மேல்தளத்தின் முன்னால் நின்று, காற்றோடு மல்லுக்கட்டிப் பேசுவது அவள் வேலை. மணிக்கூண்டு வந்தால் மணிக்கூண்டு, அரண்மனை வந்தால் அரண்மனை. வீட்டில் அவள் குரல் சமையலறையைத் தாண்டாது. கேட்டால், "அங்க யாரு டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க?" என்பாள்.

ஆட்களை எண்ணுவது அவளுக்குப் பிடிக்காது. விரல் நீட்டி எண்ணினால் ஊர் பார்க்க வந்தவர்களை மந்தையாக்கிய மாதிரி இருக்குமாம். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புமுன் படியேறி வந்து காலி சீட்டைத் தேடுவாள். காலி சீட் இல்லையென்றால் எல்லோரும் வந்தாகிவிட்டது. சீசனில் பஸ் எப்போதும் நிறைந்தே ஓடும். இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று கடைசி வரிசையின் ஓர சீட்டில் அவள் மாமனாரை உட்கார வைத்திருந்தாள். ஓய்வு பெறும்வரை குடிநீர்க் குழாய்களைச் சரிசெய்தவர். இந்த நகரத்தை அடியிலிருந்தே பார்த்தவர். இப்போது மறதி. கதவு திறந்திருந்தால் நடந்துவிடுவார். எங்கே என்று கேட்டால், "எங்கயோ லீக் ஆகுது" என்பார். தண்ணீரைக் கண்டால் இன்னும் மோசம், நேராக அதை நோக்கிப் போவார். அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா வெளியூர் போயிருந்தாள். கணவனுக்குப் பகல் ஷிப்டு. குடும்பத்தாரை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனி சட்டம். முன்பு ஒருமுறை மகளை ஏற்றி மாட்டிக்கொண்டபோது மேனேஜர், "இன்னொரு தடவைன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 

அருங்காட்சியக வாசலில் அவர்களுடைய கம்பெனியின் இன்னொரு பஸ்ஸும் நின்றது. அதே சிவப்பு, அதே மாடி, வேறு ரூட். மாமனாரை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, கூட்டத்தை உள்ளே அழைத்துப்போனாள். திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். காலி சீட் இல்லை. "போலாம், அண்ணே."

பாலம் ஏறும்போதுதான் கடைசி வரிசையைச் சரியாகப் பார்த்தாள். ஓர சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள்.

"இங்க ஒரு பெரியவர் இருந்தாரே, என் மாமனார்?"

கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தாள். கேள்வி ஸ்பீக்கர் வழியாக மேல்தளம் முழுக்க ஒலித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"தெரியாதுங்க" என்றாள் அந்தப் பெண், ஆற்றைப் பார்த்தபடி.

மைக்கம்மா படியில் பாதி இறங்கிக் கத்தினாள். "அண்ணே! மாமாவைக் காணோம்!"

"டீ குடிச்சிட்டு வந்து படியேறினாரும்மா. நான் பாத்தேனே."

"எந்த பஸ்ல?"

டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் ஓரங்கட்டி நின்றது.

கறுப்புக் கண்ணாடிக்காரி எழுந்து வந்தாள். "அவர் என் சீட்லதாங்க இருக்காரு. அந்த பஸ்ல. நான் தண்ணி வாங்கிட்டு வந்து பாத்தேன், என் வீட்டுக்காரர் பக்கத்துல உங்க பெரியவர். இந்த மனுசன் கேமராவுல கண்ணை வச்சுக்கிட்டு, 'இந்தக் கோபுரத்தைப் பாரேன்'னு அவர்கிட்ட சொல்லிட்டிருக்காரு. காலையிலேர்ந்து என் மூஞ்சிய ஒரு தடவை திரும்பிப் பாக்கலை. எப்பதான் தேடுவாருன்னு பாப்போமேன்னு இதுல ஏறிட்டேன்."

"அவருக்கு ஃபோன் போடுங்க!"

"என் ஃபோன் சார்ஜ் தீர்ந்து அங்க பையிலயே கிடக்கு. அவர் நம்பர் மனசுல இல்ல."

அந்த பஸ்ஸின் அடுத்த நிறுத்தம் படித்துறை. தண்ணீர்வரை இறங்கும் படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. கூட்டம் கலைந்து இறங்கும். அவரும் இறங்குவார்.

"ஆபீசுக்குப் போட்டா அந்த டிரைவருக்குச் சொல்லிடுவாங்க" என்றார் டிரைவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா..."

அவள் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமனாரா?" என்றார் மேனேஜர். பிறகு அவர் இன்னொரு ஃபோனில் அந்த டிரைவரிடம் பேசுவது கேட்டது. "பஸ் படித்துறையில நின்னாச்சாம். எல்லாரும் இறங்கிட்டாங்களாம். டிரைவரை மேல ஏறிப் பாக்கச் சொல்றேன். மத்தது சாயங்காலம் பேசிக்கலாம்." இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

மைக்கம்மா மைக்கை எடுத்தாள்.  "நாம இப்ப அரண்மனைக்குப் போகலை. படித்துறைக்குப் போறோம். அங்க காவலாளிங்க மாறுற அணிவகுப்பை நீங்க பாக்க முடியாது. தப்பு என்னோடது."

"அதுக்குத்தானே வந்தோம்? நான் கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்" என்றார் ஒருவர்.

"பண்ணுங்க சார். நம்பர் டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கு."

"அரண்மனை எழுந்து எங்கயும் ஓடிடாது. வண்டியை விடுப்பா!" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்.

ஒவ்வொரு சிக்னலும் வேண்டுமென்றே சிவந்த மாதிரி இருந்தது. மைக்கம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் போன சிலைகளில் எதற்கும் அன்று பெயர் சொல்லப்படவில்லை.

படித்துறையில் நின்ற பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடும்போதே கண் தண்ணீரைத் துழாவியது. கீழே யாரோ இருவர் படியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் செருப்பு மிதந்தது. அவ்வளவுதான்.

மேல்தளத்தில், ஆளற்ற சீட்டுகளுக்கு நடுவே, மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெண்ணின் கைப்பை. இரண்டு கைகளாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். எதிரே அந்த பஸ்ஸின் டிரைவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "நகர மாட்டேங்கறாரும்மா."

 "மாமா, வாங்க போலாம்."

"நீ யாரும்மா? அந்தத் தம்பி வரட்டும். பொண்டாட்டியைக் காணோம்னு தேடப் போயிருக்கான். பை பத்திரம்னு என்னை நம்பி விட்டுட்டுப் போனான்."

பின்னால் மூச்சிரைக்க வந்த கறுப்புக் கண்ணாடிக்காரி நின்றுவிட்டாள். "என்னையா தேடறாரு?"

"அழுதுக்கிட்டே ஓடினான், பாவம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, அது என் பைதான். குடுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மைக்கம்மாவின் ஃபோன் அடித்தது. மாமனாருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எடுத்தாள். "கிடைச்சிட்டார் சார். இல்ல சார், இப்ப கிளம்ப முடியாது, அவர் ஒரு வேலையில இருக்கார்... சரி சார், சாயங்காலம் ஆபீசுக்கு வர்றேன். இவரையும் கூட்டிட்டுத்தான் வருவேன். வீட்ல பாத்துக்க ஆள் இல்ல."