மகளுக்கு வாசித்து அனுப்பிய புத்தகம்

எங்கள் தாராவி சபையின் புத்தக மேசையில் நான் காசு கொடுத்து ஒன்றை வாங்கினால், வீட்டில் யாருக்கோ பிரசங்கம் காத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை என் மகளுக்கு. இந்தக் காலத்து உலகில் விசுவாசத்தோடு எப்படி வாழ்வது என்கிற புத்தகம். அவள் சபைப் பக்கம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது.

ஒரே சிக்கல், அவளுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. தமிழில் கடைப் பலகை படிக்கவே ஒரு நிமிடம் வேண்டும். சரி, நானே வாசித்து அனுப்புகிறேன் என்று இறங்கிவிட்டேன். காலையில் குக்கர் அடங்கியதும் ஓர் அதிகாரம், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக. வாஷி ஆபீசுக்குப் போகிற ரயிலில் கேட்கட்டும்.

"ஏ பிள்ள, கேட்டியா?"

"கேட்டேன் மம்மி. நடுவுல நீ அந்த ஆளோட சண்ட போடுத பாரு, ஏக்தம் மஜா, சிரிப்பு தாங்கல!"

பின்னே, எழுதியவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட முடியுமா? வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அவர் நீட்டி முழக்கியபோது, "ஐயா, உங்க வீட்ல சோறு யாரு பொங்குதா?" என்று கேட்டே விட்டேன்.

ஆறாம் அதிகாரம், பிள்ளைகள் ஏன் சபையை விட்டுப் போகிறார்கள் என்பது. செல்போனாம், சினிமாவாம், கூடாத சிநேகமாம். பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். என் மகள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். நிச்சயமான கல்யாணம் முறிந்த வாரம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெயர் போட்டு ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தவள் நான். போதகர் அதை மைக்கில் வாசித்தார். அத்தனை தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. "ஜெபந்தானட்டி, அதுல என்ன?" என்று அன்றைக்கு அவள் வாயை அடைத்தேன்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. "போனும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "நாந்தான் உன்ன தலகுனிய வச்சேன். தப்பு பண்ணிட்டேன் மக்கா."

விரலை எடுத்ததும் பதிவு அவளுக்குப் போய்விட்டது. ஐயோ என்று இருந்தது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தாள்.

"அந்த ஆளு எழுதுனத விடு மம்மி. கடைசில நீ ஒண்ணு சொன்னியே, அத என் மொகத்த பாத்து சொல்லு."

போனில் சொல்வது எவ்வளவு சுலபம்! கரண்டியை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னொரு தடவ," என்றாள்.

இன்னொரு தடவையும் சொன்னேன்.