கிழவரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன்

பிரியமான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால், ராயபுரத்தில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு விஷக்காய்ச்சல். என் தகப்பனாருக்குத் தொண்ணூறு வயசு. தம்பி சவரிக்கு முப்பத்தாறு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், தூண் மாதிரி உடம்பு. இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்தார்கள்.

நானும் துறைமுகம்தான், டாலி கிளார்க். எது கப்பலில் ஏறணும், எது கரையில் நிற்கணும் என்று சீட்டு எழுதுகிறவன். ஆண்டவருக்கும் அப்படியே உத்தரவு போட்டேன்: "நைனா வாழ்ந்தது போதும், அவரை ஏத்திக்கும். தம்பியை விட்டுடும்." முழங்காலில் நின்றுதான் போட்டேன். மரியாதை தெரிந்தவன்!

பங்குச் சாமியாரை அழைத்துவந்து நைனாவுக்கு அவஸ்தைப்பூசுதல், அந்தக் கடைசி எண்ணெய், பூச வைத்தேன். சாமியார் சவரியைப் பார்த்து, "இவருக்கும் பூசிடட்டுமா?" என்றார்.

"அவனுக்கு இன்னாத்துக்கு சாமி? திங்கக்கெழம வேலைக்குப் பூடுவான்" என்று சிரித்தேன்.

ஞாயிறு மதியம் சவரி செத்துப்போனான். எண்ணெய் இல்லாமல், என் சிரிப்போடு.

மூன்றாம் நாள் நைனாவுக்குக் காய்ச்சல் விட்டது. டாக்டர் அதிசயப்படவில்லை. "சின்ன வயசில் இதே மாதிரி ஒரு காய்ச்சல் இவருக்கு வந்து போயிருக்கலாம். உடம்பு அதை மறக்கலை. உங்க தம்பி உடம்புக்கு இது புதுசு" என்றார். நான் அவரை அடிக்காமல் விட்டதே ஓர் அற்புதம்.

தம்பி போனது தெரிந்ததும் நைனா வாயை மூடிக்கொண்டார். இரண்டு நாள் கஞ்சி இறங்கவில்லை. காய்ச்சல் கொல்லாதவரைப் பட்டினி கொல்லப் பார்த்தது. பயந்துபோனேன். முதல் தடவையாக உத்தரவு போடாமல் அழுதேன்: "ஆண்டவரே, ஒரு வாய் கஞ்சி. அவ்வளவுதான்."

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். "நைனா, உன்னை எடுத்துக்கச் சொல்லித்தான் கேட்டேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நானும் அதையேதான்டா கேட்டுகினு கெடந்தேன். நம்ம ரெண்டு பேரையும் மதிக்கல, பாத்தியா?" என்றார். அழுதார். "கொண்டா கஞ்சிய."

அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தார். என் கையால்தான் சாப்பாடு. ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொன்னேன். பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

தம்பி ஏன் போனான் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆண்டவர் மேல் கோபமும் தீரவில்லை. அந்தக் கோபத்தோடேதான் தினமும் பூசைக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே வாருங்கள். என்னையே துரத்தாதவர் உங்களைத் துரத்தமாட்டார்.