மனைவியைப் பின்தொடர்ந்து போன செவ்வாய்க்கிழமை

என் மனைவி எனக்குத் தெரியாமல் வேறு சபைக்குப் போகிறாள் என்று ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விசுவாசக் குடும்பமாகிய உங்களிடம் மறைக்க மனமில்லை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால், நான் என்ன ஜெபித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது நல்ல ஜெபம் அல்ல.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் சபை. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சபைச் செயலர் ஆனேன். ஆறு வருடமாக அந்தப் பொறுப்பில் இருக்கிறேன். அதோடு ஞாயிறு பள்ளி, புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், திங்கள்கிழமை நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியம், வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வீடு. சாப்பிட்டுக்கொண்டே போனில் பேசுவேன். "வாத்தியார் இல்லேண்ணா சபை நடக்காது" என்று நாலு பேர் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். சொந்தமாக முழங்கால் போட்டு ஜெபிக்க நேரமில்லை. ஸ்கூட்டரில் போகும்போது ஜெபித்துக்கொள்வேன். கர்த்தருடைய வேலைக்குத்தானே போகிறேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி சுகந்தி. ஒரே மகள் கல்யாணமாகி பஹ்ரைனில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம் சுகந்தி பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டாள். இருபது வருடமாகப் பாடியவள். தொண்டை சரியில்லை என்றாள். ஆனால் வீட்டில் இருமக்கூட இல்லை. அதுதான் முதல் சந்தேகம். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. ஆராதனையில் பின்வரிசையில் பெண்களோடு உட்காருகிறவள், முன்வரிசைக்குப் போய்விட்டாள். போதகர் பிரசங்கம் பண்ணும்போது கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு உபதேசம் கேட்டுவிட்டு வந்து இங்கே குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் நான் ஏதாவது சொன்னால் பதிலே வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் முன்னறையில் இருந்தபடியே, மேஜையில் இருக்கிற நோட்டீஸைக் கொண்டு வா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் தோசை கொண்டு வந்து வைத்தாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் வெளியே கிளம்புவாள். கேட்டால் திருவட்டாறில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, அக்காவுக்கு முட்டுவலி என்பாள். அக்டோபரில் வேறு ஒரு காரியமாக நான் அந்த அக்காவுக்குப் போன் பண்ணினேன். பேச்சோடு பேச்சாக அவர், சுகந்தி ஏன் இரண்டு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து நான் அவளை வேவு பார்க்கத் தொடங்கினேன். வேறு வார்த்தை இதற்கு இல்லை. அவள் குளிக்கும்போது அவளுடைய வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் அச்சடித்திருந்தது: மா பா வா, மே பே வே, மோ போ வோ. கீழே பென்சிலில் அவள் கையெழுத்தில் அதையே பத்துத் தடவை எழுதியிருந்தாள். ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுவதற்கு யாரோ இவளுக்குப் பழக்கம் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டொரு நாள் கழித்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்ததையும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

யார் இவளை இழுத்தது? அதற்கும் விடை கிடைத்தது. அவள் போன் எப்போதும் சத்தம் அணைத்தே கிடக்கும். ஒரு நாள் அது மேஜையில் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் துணைச் செயலர் ராஜமணியிடமிருந்து ஒரு செய்தி. "மைனி, செவ்வாய் மூணு மணி. மறந்திராதிய." ராஜமணி என்னைவிட இளையவன். என்னை அண்ணன் என்றும் அவளை மைனி என்றும் கூப்பிடுகிறவன். அவனுடைய மச்சானுக்குத் தக்கலையில் ஒரு கட்டிடம் இருக்கிறது. அதன் மேல்மாடியில் மச்சான் ஒரு ஜெபவீடு நடத்துகிறார். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதாக நினைத்தேன். செயலரின் மனைவியே சபையை விட்டுப் போனால் செயலர் எப்படி அந்த நாற்காலியில் இருப்பான்? ராஜமணி என் இடத்துக்குக் குறி வைக்கிறான்.

அடுத்த கமிட்டியில் அவனிடமிருந்த கன்வென்ஷன் பொறுப்பை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. ஆட்டைப் போல இருந்துகொண்டு மந்தையைக் கலைக்கிறவர்கள் உண்டு என்று பொதுவாகப் பேசுவதுபோலப் பேசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். குற்றவாளி அப்படித்தான் உட்காருவான் என்று எனக்கு அது இன்னொரு அத்தாட்சி ஆகிவிட்டது.

சுகந்தியிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றிருந்தேன். வெளியில் கன்வென்ஷன் பந்தலுக்கு ஆள் பார்த்தேன், பேச்சாளரை அழைத்தேன், ஜெபக்கூட்டத்தில் தேவப்பிரசன்னத்தைப் பற்றி உருகிப் பேசினேன். உள்ளுக்குள் இது ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கம் போய்விட்டது. ஒரே வீட்டில் எனக்கு எதிரி இருக்கிறாள் என்ற நினைப்பு.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோவிலில் போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்காக நான் ஜெபித்தது அன்றுதான். "ஆண்டவரே, அவள் மறைக்கிறதை இன்றைக்கு என் கண்ணுக்குக் காட்டும். உமக்காக இவ்வளவு ஓடுகிறேனே, இதைக்கூட எனக்குச் செய்ய மாட்டீரா?" இதுதான் என் ஜெபம். சுவரோடு பேசுவதுபோல இருந்தது. அவர் அங்கே இருக்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடுதான் எழுந்தேன்.

மத்தியானம் சுகந்தி கிளம்பினாள். திருவட்டாறு பஸ்ஸில் ஏறவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். தக்கலையில் இறங்கினாள். எதிர்ப்பக்கம் ராஜமணியின் மச்சானுடைய கட்டிடம், மேலே ஜெபவீட்டின் பெயர்ப்பலகை. நான் நினைத்தது அப்படியே நடந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குத் துக்கம் வரவில்லை. ஜெயித்ததுபோல ஒரு சந்தோஷம் வந்தது.

அவள் ரோட்டைக் கடக்கக் காலெடுத்து வைத்தாள். நான் பத்தடி பின்னால் நின்று "சுகந்தி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து வேண்டுமென்றே போகிறாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது அவளுக்கு வலப்பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ரோடே அதிர்ந்தது. அவள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு சாவகாசமாக நடந்தாள்.

என் குரலுக்குத் திரும்பாதவள் பஸ் ஹாரனுக்கும் திரும்பவில்லை.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், கால் அசையவில்லை. "இயேசுவே" என்று மட்டும் வாயில் வந்தது. அதற்குமேல் ஜெபம் பண்ண நேரமில்லை. ரோட்டோரம் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா பாய்ந்து அவள் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் பழக்கூடை மேல் விழுந்தார்கள். பஸ் ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

நான் போய்த் தூக்கினேன். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. ரோட்டைக் கடந்து கூட்டிப்போய், எதிர்க்கட்டிடத்தின் மாடிப்படியில் அவளை உட்கார வைத்தேன். பழக்கார அம்மா கூடவே வந்து தண்ணீர் கொடுத்தாள். நான் குனிந்து, "ஒனக்குக் காது கேக்கலியா?" என்றேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள். வலது காது முழுவதும் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஒரு வாட்டி நீங்க நோட்டீஸ் பாத்துட்டு இருந்திய. ஒரு வாட்டி போன்ல பேசிட்டு இருந்திய. கடைசி வாட்டி, சபைக் காரியம் முடியட்டும், பெறவு பாப்போம்ணு சொன்னிய. சபைக் காரியம் எப்பம் முடியும்?"

எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அதுக்குப் பெறவு சொல்லப் பயமாட்டு இருந்துது. ஞாயித்துக்கெழம மைக்ல ஜெபக்குறிப்பா வாசிச்சிருவிய. எல்லாரும் என்னயத் திரும்பிப் பாப்பாவ."

நான் அப்படித்தான் வாசித்திருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

அந்தக் கட்டிடத்தின் முதல் மாடியில், ஜெபவீட்டுக்குக் கீழே, காது கேளாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு சிறிய நிலையம். ராஜமணியின் மச்சான் மகள்தான் நடத்துகிறாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கிறாள். வேதாகமத்துக்குள் நான் பார்த்த தாள் அங்கே சுவரிலும் ஒட்டியிருந்தது. ம, ப, வ எல்லாம் உதட்டில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்குமாம், அதனால் தனியாகப் பழக வேண்டுமாம். மேல்மாடி ஜெபவீடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறப்பார்களாம்.

நான் எதற்காக வந்தேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கணவர் வந்தது ரொம்ப நல்லது என்று சொல்லி, எங்களை எதிரெதிரே இரண்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். சத்தமில்லாமல் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னாள். நான் சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன். இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட முடியவில்லை. சத்தமில்லாமல், "என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவள் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். "என்னயப் பன்னிண்ணா சொல்லுதிய?" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சுகந்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அழுகிறதைப் பார்த்த பிறகு, நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டி என் முழங்காலில் வைத்தாள்.

பிரியமானவர்களே, அந்த அறையில் பாட்டு இல்லை, மைக் இல்லை, ஜெபம்கூட இல்லை. ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கர்த்தர் அங்கே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நான் சந்தேகப் பிராணி. இது வெறும் உணர்ச்சியாக இருக்குமோ என்று மறுநாளே யோசித்தேன். ஆனால் ஐந்து மாதமாக என் நெஞ்சில் கிடந்த கசப்பு போயிருந்தது. அதை நான் போக்கவில்லை. சுகந்தி மறைக்கிறதைக் காட்டும் என்று கேட்டேன். கர்த்தர் என்னையே எனக்குக் காட்டினார். ஆறு வருடம் அவருக்காக ஓடி, அவர் என் வீட்டில் இருக்கிறார் என்பதை மட்டும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ராஜமணி வீட்டுக்குப் போனேன். உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். "அண்ணனுக்கு எம்மேல ஏதோ சந்தேகம்ணு தெரியும். எதுக்காக்கும்ணுதான் வெளங்கல்ல" என்றான். மைனி என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தானாம். கமிட்டியில் எல்லோர் முன்னும் நான் பேசியது தவறு என்று, அடுத்த கமிட்டியில் எல்லோர் முன்னும் சொன்னேன். கன்வென்ஷன் முழுவதையும் அவனிடமே ஒப்படைத்தேன். நான் நடத்தியதைவிட நன்றாகவே நடத்தினான். முதலில் அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதையும் மறைக்கவில்லை.

மூன்று நாளும் நான் மேடையில் ஏறவில்லை. சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கத்தை ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டினேன். எழுத வேண்டுமானால் கவனித்துக் கேட்க வேண்டும் அல்லவா? பல வருடங்களுக்குப் பிறகு நான் ஒரு பிரசங்கத்தை முழுவதும் கேட்டேன்.

வலது காது திரும்பவில்லை. ஜெபித்தோம், இன்னும் ஜெபிக்கிறோம். இடது காதுக்கு மிஷின் வைத்திருக்கிறோம். எதிரே இருந்து பேசினால் முக்கால்வாசி விளங்குகிறது என்கிறாள். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து அவளைப் பிடித்து இழுத்த தேவனுக்கும், அவர் அனுப்பிய பழக்கார அம்மாவுக்கும் நாங்கள் தினமும் நன்றி சொல்கிறோம். இப்போது காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு ஜெபம். போனை உள்ளே வைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, அவள் என் வாயைப் பார்க்க நான் மெதுவாக ஜெபிக்கிறேன். மெதுவாகச் சொல்லும்போது பொய்யான வார்த்தைகள் தானாகவே உதிர்ந்துபோகின்றன.

ஊழியத்தில் ஓடிக்கொண்டிருக்கிற சகோதரனே, சகோதரியே, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உன் வீட்டில் ஒருவர் மேல் உனக்குச் சந்தேகம் இருந்தால், நான் செய்ததைச் செய்யாதே. பின்னால் போகாதே, முன்னால் போய் உட்கார். அவர் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேள். பதில் வரும்வரை எழுந்திருக்காதே. அங்கே உங்களோடு இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். அவரை நம்பலாம்.