துண்டு போட்ட இடம்

என் அக்கா வீட்டுக்காரரை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் ‘துண்டு’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, அவர் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ஆசாமி உண்டல்லவா, அந்த இனம். ஆனால் பஸ்ஸில் துண்டு போட்டவர் கடைசியில் ஏறி உட்கார்ந்தாவது தொலைப்பார். மாமா உட்காரவும் மாட்டார், துண்டை எடுக்கவும் மாட்டார்.

அவர் பிடித்து வைத்திருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தகவல் போகிற விதத்தை மாற்ற ஒருவருக்குப் புது யோசனை வந்தால், அதை ஊர் உலகமே உபயோகிக்கிற இணையத்தில் போட்டுப் பார்க்க முடியாது. ஏதாவது எசகுபிசகாக ஆனால் ஆஸ்பத்திரி முதல் வங்கி வரை நின்றுபோகும். அதற்காகப் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு டெஸ்ட்பெட், அதாவது சோதனைக்களம், கட்டியிருக்கின்றன. ஊருக்கு ஊர் ஒரு குளிரூட்டிய அறை, அறை நிறைய சர்வர்கள், தகவலை வழிதிருப்பிவிடும் ஸ்விட்சுகள், ஓர் அறையை இன்னோர் அறையோடு இணைக்கும் நீளமான கேபிள்கள். வேண்டிய பங்கை முன்பதிவு செய்துகொள்ளலாம். அந்த ஸ்விட்சுகளுக்குத் தன் விதிகளைத் தானே எழுதிக்கொடுத்து, சொந்தமாக ஒரு குட்டி இணையத்தை ஓட்டிப் பார்க்கலாம். முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த ஆராய்ச்சியாளரை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எனக்கு வேலை அந்த டெஸ்ட்பெட்டின் அலுவலக அறையில். ‘இடம் கிடைக்குமா’ என்று கேட்டு வருகிற மின்னஞ்சல்களுக்கு ‘இல்லை’ என்று பதில் எழுதுவேன். மனம் நோகாமல் இல்லை என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த விதங்கள் ஒரு வெளியுறவு அமைச்சருக்குக்கூடத் தெரியாது.

பதிவு செய்த இடத்தில் நடமாட்டம் இல்லையென்றால் கணினி தானாகவே அதைப் பிடுங்கிக்கொள்ளும் என்று ஒரு விதி உண்டு. படித்தவர்கள் இதற்கெல்லாமா மசிவார்கள்? மாமா ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினார். காத்திருப்பு அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர், தான் தூங்கவில்லை என்று காட்ட அவ்வப்போது இருமுவார் இல்லையா, அதே காரியத்தை அது செய்தது. சும்மா கொஞ்சம் தகவலை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயரே ‘இருமல்’. பாவம், அது சங்கோஜப் பிறவி. கேபிளில் வேறு யாராவது வந்தால் உடனே ஒதுங்கி நிற்கும், சந்து கிடைத்தால் மறுபடி இருமும். பதிவுக் காலம் முடியப் போகிறதென்றால் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. அதனால், படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட சீனியர்களின் கணக்குகளிலும் இருமலைப் போட்டுவிட்டார். குழுவில் மூத்தவர் என்ற முறையில் அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் அவரிடம் இருந்தன. நாளடைவில் எங்கெல்லாம் போட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. அலுவலகத்தில் இருக்கும் எங்களுக்கோ, யார் பங்கிலும் என்ன ஓடுகிறது என்று எட்டிப்பார்க்க அனுமதி இல்லை. ஆராய்ச்சி ரகசியமாம்.

இப்பேர்ப்பட்டவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு ‘பொதுப் பாதையில் நியாயமான பங்கீடு’. சிரிக்காதீர்கள், நான் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. ஒரே கேபிளில் பல பேர் தகவல் அனுப்பும்போது, அடுத்தவர் வருவதை உணர்ந்து விலகி, எல்லாருக்கும் வழி கிடைக்கிறபடி அனுப்பும் முறை ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார்.

இந்த நியாயமான பங்கீட்டின் எழுத்துவேலை முழுவதும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் நடந்தது. மேசை என்றால் ஒரு மூலை அல்ல, முழு மேசை. அச்செடுத்த கட்டுரைகள், பழைய கீபோர்டு, சுருட்டிய கேபிள்கள், காய்ந்த காபிக் கோப்பைகள். அக்காவும் அவள் மகளும் கட்டில்மேல் செய்தித்தாளை விரித்துச் சாப்பிடுவார்கள். நான் போனால் கட்டிலின் கால்மாட்டில் எனக்கு இடம். வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையில் மாமா பெயருக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ‘டாக்டர்’ என்ற வார்த்தைக்காக அங்கேயும் துண்டு போட்டு வைத்திருந்தார். அந்த வெற்றிடத்துக்கும் என் அக்கா மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“ஆய்வகத்துல சமைச்ச டேட்டா எனக்கு வேணாம். நிஜ ஜனங்க நடமாட்டத்துல ஓட்டிக் காட்டு” என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். மாமாவும் டெஸ்ட்பெட்டின் மிக நீளமான கேபிளில், மற்ற கணக்குகளின் தகவல் ஓடிக்கொண்டிருந்தபோதே தன் முறையை ஓட்டினார். முடிவு அபாரம். இவர் தகவல் வந்ததும் மற்றவர்கள் அமைதியாக வழிவிட்டார்கள், சந்து கிடைத்தபோது தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். நெரிசல் இல்லை, மோதல் இல்லை. அந்த வரைபடத்தை மாமா சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை.

பல்கலைக்கழகம் கொடுத்த கால நீட்டிப்புகளில் இதுதான் கடைசி. இந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வரைவைப் படித்துவிட்டு, அந்த அபாரமான சோதனையை இன்னொரு முறை ஓட்டி இணைக்கச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு வரைபடம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எனக்குத் தினமும் எழுத ஆரம்பித்தாள். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து பாதி நெட்வொர்க் படுத்துவிட்டாலும், காப்பாற்றச் சொல்லி வரும் அழைப்புகள் மட்டும் போய்ச்சேர ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்கு அதே நீளமான கேபிளில், கொஞ்ச நாளுக்கு, இடம் வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லா விதமான ‘இல்லை’யும் அவளிடம் தீர்ந்துபோனது.

கட்டில்மேல் சாப்பிடும்போது இதைப் பொதுவாகச் சொன்னேன். பொதுவாகச் சொல்வதுபோல் மாமாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அக்கா கையை உதறிவிட்டு எழுந்தாள். “ஏங்க, அந்தப் பொண்ணுக்கு விட்டுக் குடுங்களேன். நீங்க உபயோகப்படுத்தாததைத்தானே கேக்குது?”

“உனக்கு அதெல்லாம் புரியாதும்மா. விட்டா திரும்பக் கிடைக்காது.”

“சரி, எனக்குப் புரியிறதை சொல்றேன். ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு இடத்தை விடுங்க, இல்ல எனக்கு மேசைய விடுங்க. ரெண்டுல ஒண்ணு, இன்னிக்கே.”

மாமா மேசையைப் பார்த்தார். உயிரே போவதுபோல் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, எங்கெங்கோ கிடந்த எல்லா இருமலையும் ஒரே கட்டளையில் நிறுத்திவிட்டார். அவரை எனக்குத் தெரிந்த காலத்தில் அவராக ஒன்றை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை, அதுவும் மேசையைக் காப்பாற்றுவதற்காக.

மறுநாள் காலை அலுவலகத் திரையைப் பார்த்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். டெஸ்ட்பெட்டில் பாதி காலி. அந்த மாணவிக்கு ‘உண்டு’ என்று பதில் எழுதினேன். பழக்கமில்லாத வார்த்தை, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். தேர்வாளர் கேட்ட சோதனையை ஓட்ட உட்கார்ந்த மாமா கொஞ்ச நேரத்தில் போன் செய்தார்.

“மாப்ள, கேபிள் ஏதாச்சும் அறுந்துபோச்சா?”

“இல்லையே மாமா. இன்னிக்குத்தான் நல்லா இருக்கு.”

“அப்ப ஜனங்கல்லாம் எங்கடா? கேபிள்ல ஒருத்தரையும் காணோம். என்னோடது மட்டும் தன்னந்தனியா ஓடிக்கிட்டு இருக்கு. நேத்து நான் இருமலை நிறுத்துற வரைக்கும்…”

அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அவர் நிஜ ஜனங்கள் என்று நம்பியிருந்தது பூராவும், போய்விட்ட சீனியர்களின் பெயரில் அவரே போட்டு மறந்த இருமல்தான். தன் துண்டோடு தானே பழகிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தார் எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள் என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

மத்தியானம் அந்த மாணவி தன் சோதனையை ஆரம்பித்தாள். மாமாவுக்கு உயிர் வந்தது. ஒருவராவது நிஜமாக வந்தாரே என்று தன் முறையையும் ஓடவிட்டார். சற்று நேரத்தில் அவளிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது: ‘உதவி கேட்கும் அழைப்புகள் ஒன்றுகூடப் போய்ச்சேரவில்லை. யாரோ வழியை மறிக்கிறார்கள்.’ அதை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் போனேன். அவர் ஏற்கெனவே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோடு கொழுத்துப்போய் உச்சியில் இருந்தது. அவளுடைய கோடு தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது.

“இதுக்கு வழிவிடவே தெரியலடா” என்றார்.

“எப்படித் தெரியும் மாமா? இத்தனை வருஷமா எதிர்ல இருந்ததுதானே விலகி விலகிப் போச்சு.”

பேராசிரியரிடம் ஓடினார். நானும் கூடப் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதுக்கா இப்படி வேர்த்து வழியிற? அந்தப் பொண்ணு கிளம்பட்டும். இருமலை மறுபடி போட்டு, ஓட்டி, வரைபடத்தை இணைச்சுடு. யாரு வந்து பாக்கப் போறா? நம்ம துறையில யார்தான் இருமாம இருக்கா? நானும்தான் இருமுறேன்.”

பட்டமா, பல்லிளித்த வரைபடமா என்று இரண்டு நாள் மாமா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பிறகு அந்த மாணவிக்கு ‘வழியை மறித்தது நான்தான். இனி மறிக்க மாட்டேன்’ என்று எழுதி, தன் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அவள் சோதனை நல்லபடியாக முடிந்தது. இவர் ஆய்வேட்டில் பழைய வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நசுங்கிய கோட்டையும் போட்டு, இருமல் கதையை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அதுவரை வந்ததில்லை என்பதால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி எழுதிவிட்டு, தேர்வாளர்கள் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பருவம் முடிந்தது. பல்கலைக்கழகம் அவர் பெயரை அடித்தது. டெஸ்ட்பெட்டில் காலியான இடம் முழுவதையும் பேராசிரியரும் அவரைப் போன்ற பெரிய மனிதர்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். நான் பழையபடி ‘இல்லை, இல்லை’ என்று எழுத ஆரம்பித்தேன். பெயர்ப்பலகையின் வெற்றிடம் மட்டும் யாரும் வந்து உட்காராமல் அப்படியே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போனேன். மேசை காலி. மாமாவே எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் அள்ளிப் போட்டுத் துடைத்திருந்தார். அந்தத் தேக்குமேசைக்கு இவ்வளவு நல்ல நிறம் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். அக்கா, அவள் மகள், நான், ஆளுக்கு ஒரு நாற்காலி. நாலாவது நாற்காலியில், மடித்த துண்டு ஒன்று கிடந்தது.

மாமா தட்டோடு வந்து துண்டைத் தூக்கப் போனார்.

“எடுக்காதீங்க. ஆள் வர்ற இடம்” என்றாள் அக்கா.

“யாரு வரப்போறா?”

“இன்னும் தெரியல. புடிச்சு வெச்சிருக்கேன்.”

மாமா சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. துண்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலுக்குப் போய், கால்மாட்டில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். எப்போதும் இந்தக் கட்டத்தில் அக்கா மனசு இளகி எழுந்து வழிவிட்டுவிடுவாள். அன்றைக்கு அவள் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.