யாருடைய வக்கீல்

என் மனைவி வக்கீல், நான் பல் டாக்டர். "நீங்க வாயைத் திறக்கச் சொல்றீங்க, அவ வாயை மூடச் சொல்றா. எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ" என்று என் மைத்துனர் கிண்டல் செய்வார். அவருக்கு விஷயம் தெரியாது. அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதில் நான் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

வாடகைத் தகராறு, பங்காளிச் சண்டை என்று தொழிலைத் தொடங்கியவள், பிறகு பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று கோர்ட்டுக்கு இழுக்கும் வழக்குகளுக்குப் போனாள். கடைசியில் அவளுக்கென்று நிலைத்தது விசாரணை வேலை. ஒரு கம்பெனியில் ஏதோ தப்பு நடந்து அரசாங்கம் துருவ ஆரம்பித்தால், கம்பெனிக்காரர்கள் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். இவள் ஊழியர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு வருவாள். மற்ற வக்கீல்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'வாழைப்பழ ஊசி'. அதைக் கேட்டு அவள் சிரித்தாள். உள்ளூரப் பெருமைதான்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ஊழியர் வாயைத் திறக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்: "நான் கம்பெனியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல. நீங்க இங்க சொல்றதை கம்பெனி நினைச்சா அரசாங்கத்துகிட்ட கொடுக்கலாம். உங்களைக் கேட்கணும்னு அவசியமில்ல."

இதை முகத்துக்கு நேராகக் கறாராகச் சொன்னால் எவன் பேசுவான்? அதனால் இவள் டீ ஊற்றிக்கொண்டே சொல்வாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள், நடுவில் இதைச் சொல்வாள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பாள். எனக்கும் அந்த வித்தை தெரியும். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஈறுக்குள் போயிருக்கும்.

அப்படித்தான் லிஃப்ட் கம்பெனி வழக்கு வந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் விழுந்து ஒரு பெண்ணின் கால்கள் நொறுங்கிப்போயின. பிரேக் பரிசோதனை செய்ததாகக் கையெழுத்துப் போட்டவர் பரிசோதனைப் பிரிவின் தலைவர். கம்பெனியில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இவள் டீ ஊற்றினாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். பிறகு மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேலாளர் அவசரப்படுத்தியது, சோதனை செய்யாமலே கையெழுத்துப் போட்டது, அதன் பிறகு தூக்கமே வராதது. போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் பாரம் இறங்குச்சு மேடம்" என்றாராம்.

கம்பெனி நிர்வாகம் கூடி முடிவெடுத்தது. பெரியவர் தன் தப்பைப் பற்றிச் சொன்னதை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு, அபராதத்தோடு தப்பித்துக்கொள்வது. மேலாளர் அவசரப்படுத்தியதற்கு வேறு சாட்சி இல்லை என்று அந்தப் பகுதியை அமுக்கிவிட்டார்கள். இவள் அதை எதிர்த்தாள். கம்பெனி டைரக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. சட்டப்படி எல்லாம் சரி.

பெரியவருக்குச் சம்மன் வந்தது. அவர் பதறவே இல்லையாம். மேடம் இருக்காங்க, பாத்துப்பாங்க என்று வீட்டில் தைரியம் சொல்லியிருக்கிறார். கோர்ட் வராந்தாவில் இவளைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்களைப் பாத்ததும்தான் உயிரே வந்துச்சு மேடம். நம்ம கேஸ் எப்படிப் போகுது?"

"சார், நான் கம்பெனியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல. உங்களுக்குன்னு ஒருத்தரை உடனே பாருங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"நீங்க டீ ஊத்திக்கிட்டு இருந்தீங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் இவளை வதைத்தது.

வீட்டுக்கு வந்து அழுதாள். உன் மேல் தப்பில்லை, விதிப்படிதானே நடந்தாய் என்று நான் சமாதானம் சொன்னேன். "சொன்னேன். ஆனா அவர் காதுல விழக்கூடாதுன்னே சொன்னேன்" என்றாள்.

பெரியவருக்கு வேலையும் போயிற்று, மானமும் போயிற்று. அவர் செய்தது தப்புதான், மறுக்கவில்லை. லிஃப்டில் அடிபட்ட பெண் இன்னமும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். ஆனால் அவசரப்படுத்திய மேலாளர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஆள் பல் வலியென்று என்னிடம் வந்தால் மரத்துப்போக ஊசி போடுவேனா என்பது எனக்கே சந்தேகம்.

அதற்குப் பிறகு இவள் விசாரணை அறையிலிருந்து டீ ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டாள். வந்தவரை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்துச் சொல்வாள். சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பாள். பாதிப் பேர் மிரண்டுபோனார்கள். கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கூட்டாளி வக்கீல், "நீங்க வக்கீலா, வாத்தியாரம்மாவா?" என்று கேட்டார். வேலை குறைந்தது.

அந்த நிலைமையில்தான் ஒரு மருந்துக் கம்பெனியின் வழக்கு வந்தது. இது கைகூடினால் அவளுக்குப் பழைய பெயர் திரும்பிவிடும், நழுவினால் அவ்வளவுதான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். முதலில் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். இவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

அந்தப் பெண் யோசித்து யோசித்துச் சொன்னாள். "இப்ப நான் பேசினா, நாளைக்கு அது என் தலையிலயே விடியலாம். நீங்க என் பக்கம் இல்ல. அதானே?"

"அதான்."

"அப்போ நான் ஒரு வக்கீலைப் பாத்துட்டு வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இவள் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வழக்கை வேறு ஆளிடம் கொடுக்கப் போகிறார்களாம்.

நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பகலில் அவளை வீட்டில் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

"என்னாச்சு? அந்த கேஸ்?"

"போயிடுச்சு."

அவள் எனக்கும் ஒரு கப்பில் ஊற்றி நீட்டினாள்.

"நான் சொன்னது இன்னைக்கு ஒருத்தங்க காதுல விழுந்துச்சு" என்றாள்.